படிவத்தின் மூலையில் எழுதிய ஊர்

பிள்ளைகளே, இது 2006ஆம் ஆண்டு பனிக்காலத்தில், ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் எனக்கு நடந்தது. ஈராக்கில் சண்டை உக்கிரமாக இருந்த நேரம். இங்கே வாழும் ஈராக் மக்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் பகுதிநேர வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பெயர், ஊர் எதுவும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் படிவங்களைத் தந்தார்கள்.

ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்தார் அல்லவா? புதிதாக ஒருவரைக் கண்டால் ஊரைக் கேட்காமல் எங்களுக்குக் கதை தொடங்காது. நானும் எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் கேட்டேன். கேட்டதோடு விடாமல், படிவத்தின் மூலையில் குறித்தும் வைத்தேன். ஒன்பது வீடுகளிலும் ஒரே பதில்: கருத்து ஒன்றும் இல்லை. சொந்த நாடு எரியும்போது இப்படியும் இருப்பார்களா என்று மனைவியிடமும் அவர்களைக் குறை சொன்னேன்.

பத்தாவது வீட்டில் என் வயதுக்காரர் ஒருவர் தேநீர் தந்தார். ஊரைக் கேட்டேன், சொன்னார். எழுதினேன். அவர் முகம் வெளிறியது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"அதை ஏன் எழுதுறீர்? ஆர் கேக்கச் சொன்னது?" என்றார், உடைந்த நோர்வேஜிய மொழியில். "ஊர் தெரிஞ்சால் நாங்கள் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சுபோம். என்ரை தம்பி இன்னும் அங்கைதான் இருக்கிறான். தாளைத் தாரும்!"

கொடுத்தேன். துண்டு துண்டாகக் கிழித்தார். எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. கொழும்புச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் இதே கேள்வியைக் கேட்டபோது, யாழ்ப்பாணம் என்று சொல்லப் பயந்து நின்றவன் நான்!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அண்டைக்கு அந்த ஆமிக்காரன், சண்டையைப் பற்றி என்ன நினைக்கிறாய் எண்டும் கேட்டிருந்தால் என்னப்பா சொல்லியிருப்பியள்?"

"ஒண்டுமில்லை எண்டுதான்."

"பிறகென்னத்துக்கு அந்தச் சனத்துக்குக் கருத்தில்லை எண்டு கதைச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

திங்கட்கிழமை அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். மீதி ஒன்பது தாள்களையும் என் கண்முன்னே கிழிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். வேலையும் அத்தோடு போனது. அந்தப் பத்தாவது வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லிவிடலாம் என்று மறுபடி போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை.

இன்றும் புதிதாக ஒருவரைக் கண்டால் அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது. முதலில் என் ஊரைச் சொல்லிவிட்டு, அவராகச் சொல்லும்வரை கேட்காமல் இருக்கிறேன்.