பேய் என்று எழுதாத புகார்

பெங்களூருக்கு வந்த முதல் வாரம், ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்ததற்காக என்னை மான்ஸ்டர் என்றார்கள். பாராட்டாம். என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், இந்த ஊர் ஆபீஸ் இங்கிலீஷில் மனிதர்களைவிடப் பூதகணங்களே அதிகம். பதில் போடாமல் காணாமல் போகிறவன் கோஸ்ட் பண்ணிவிட்டான். செத்தும் சாகாமல் கம்ப்யூட்டரில் கிடக்கிற நிரல் ஸாம்பி. அதைக் கொல்ல ஒரு கட்டளை உண்டு, டீ குடித்துக்கொண்டே கொல்கிறார்கள். இணையத்தில் வம்பு வளர்ப்பவன் ட்ரோல், அதுவும் வெள்ளைக்காரர் கதையில் வரும் ஒரு பூதம்தான். காரணம் தெரியாமல் மக்கர் பண்ணுகிற எந்திரத்துக்குள் கிரெம்லின் என்ற குட்டிச்சாத்தான் குடியிருக்கிறது. நாம் மட்டும் என்ன குறைச்சல்? பேய்மழை என்கிறோம், சாப்பிடாத பிள்ளையைப் பூச்சாண்டியிடம் பிடித்துக்கொடுக்கிறோம், கொஞ்சும்போது ராட்சசி என்கிறோம். ஆனாலும் வேலை செய்கிற இடத்தில் இந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். பாறை சரியாதபடி மரத்தூண்களால் முட்டுக்கொடுப்பது அப்பாவின் வேலை. பூமிக்கு அடியில் சுரங்க ஆட்கள் யாரும் பேய் பிசாசு என்று வாயைத் திறக்கமாட்டார்கள். பக்தியால் அல்ல, அது தொழில்முறை. பாறை வெடிப்பதற்கு முன்னால் முனகும். மேலே வருகிற ஷிப்ட்காரர்கள் கீழே போகிறவர்களிடம் அதை ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எப்போது, சொல்வது யார். பேய்ச் சத்தம் கேட்டது என்று சொன்னால் அடுத்தவன் நடுங்குவானே தவிர, எந்தத் தூணை விட்டு விலகி நிற்பது என்று அவனுக்குத் தெரியாது. இந்தப் பழக்கம் அடுப்படி வரைக்கும் வந்திருந்தது. ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் பேய் இருக்கிறது என்று நான் அலறியபோது, அம்மா சோறு வடித்துக்கொண்டே எந்தப் பக்கம் என்றாள். குழாயடி என்றேன். எவ்வளவு தூரம், எப்போ என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அது பக்கத்து வீட்டுப் பன்றி என்று எனக்கே விளங்கிவிட்டது.

இப்போது எனக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலை. லிஃப்டை ஓட்டும் நிரலில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று நானே என்னை மெச்சிக்கொள்வதுண்டு. சில மாதங்களுக்கு முன், யாரும் பொத்தானை அழுத்தாமலே லிஃப்ட் தானாக மேலே போகிறது என்று பல அடுக்ககங்களிலிருந்து புகார் வந்தது. இதற்கு இந்தத் தொழிலில் கோஸ்ட் கால் என்று பெயர். புகாரை வாங்கிப் பதிகிறவர்கள் ‘கோஸ்ட்’ என்று ஒரே ஒரு அடையாளத்தைப் போட்டு முடித்துவிடுவார்கள். பேய் என்று பெயர் வைத்தாயிற்று, அப்புறம் அதை யார் தேடப்போகிறார்கள்?

நான் ஒவ்வொரு கட்டடத்துக் காவலாளிக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் தமிழ், மீதிப் பேருக்கு என் கன்னடம் போதும். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரியவர், “ஆளே இல்ல மேடம், காத்தால அஞ்சரைக்கு அதுவா மேல போவுது, பிசாசாட்டம்” என்றார். பிசாசை விட்டுவிட்டு எந்த மாடி என்று கேட்டேன். கடைசி மாடி என்றார். அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு ஊர்ப் பழக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். எல்லாப் புகாரிலிருந்தும் கோஸ்ட் என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு, இடத்தையும் நேரத்தையும் தலைப்பாக வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் அனுமதி கேட்பதில்லை.

மறுநாள் என் டீம் லீட் ஷாலினியின் திரையில் பேய்களின் எண்ணிக்கை பூஜ்யம். மைசூர்க்காரர், நேர்மையானவர், கோபக்காரர். புதிய நிரல் வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும்; என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புக்காக நான் பிழைகளை மறைத்துவிட்டேன் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். வேலை போனால் போகட்டும், பிழையை மறைத்தவள் என்ற பெயரோடு ஊருக்குத் திரும்பி அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

“எதையும் அழிக்கல. இடம் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க” என்று கன்னடத்தில் சொன்னேன்.

ஷாலினி படித்தார். பன்னிரண்டு புகார். பன்னிரண்டும் கடைசி மாடி, பன்னிரண்டும் விடிகாலை. காவலாளிகள் அத்தனை பேரும் அப்போதுதான் தண்ணீர் மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். மோட்டாரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் வயரும் கடைசி மாடிப் பொத்தானின் வயரும் சுவருக்குள் ஒரே வயர்க்குழாயில் ஒட்டிக்கொண்டு போகின்றன. மோட்டார் கிளம்பும் நொடியில் எழும் துடிப்பை, யாரோ பொத்தானை அழுத்தியதாக எங்கள் நிரல் எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் பேய். வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது, நிரலைத் திருத்தினோம். எல்லாரையும் உட்கார வைத்து அதே சத்தத்தோடு ஷாலினி மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தம் நீண்டது. அதைவிட, புகார் பதிகிற படிவத்தையே மாற்றி எழுதச் சொன்னார். எந்த மாடி, எந்தப் பக்கம், எப்போது, சொல்வது யார். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் கழித்து எங்கள் ஆட்களின் ஒப்படைப்பு முறை பெங்களூருக் கட்டடங்களில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஓடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ரயிலேறி, படிவத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நான் தமிழில் படித்துக்காட்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், மாடி எண் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“ஒண்ணு, ரெண்டுன்னு மேலயா போவுது?”

“ஆமாப்பா. பன்னெண்டு வரைக்கும்.”

“சுரங்கத்துல நாங்கோ கீழ எண்ணுவோம்” என்றார். காகிதத்தின் மேல் விரலைக் கீழ்நோக்கி இழுத்தார். “நூறு தாண்டியும் எண்ணியிருக்கோம்.”

சுரங்கத்தை மூடியபின் ஊற்றுநீர் ஏறி, அந்த நூறு தளங்களும் இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் யார் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார். புகார் சொல்கிறவர் பெயர் என்றேன். பேனா கேட்டு வாங்கி, தமிழில் தன் பெயரை எழுதினார். மாடி எண்ணுக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமை அதை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். மேலே எண்ணுகிற அந்தக் கட்டத்தில், கீழே எண்ணியவருக்கு எந்த எண்ணை எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.