மாயாண்டி மண்டோர் எடுத்த அறை

மாயாண்டிக்கு அறுபத்து நான்கு வயது. லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குலை வெட்டினார். நாற்பதில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆனார். முப்பது பேருக்கு நிரை பிரித்துக் கொடுக்கிறவன் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கேட்டவன் வாயை மூடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எவனும் மதிக்க மாட்டான். அப்படியே பழகிப்போய்விட்டது. தெரியவில்லை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருடைய ஒரே மகன் ஷங்கர், கோலாலம்பூரில் உயர்ந்த கட்டடங்களுக்குச் சாயம் அடித்தான். போன வருஷம் ஒரு ஓட்டலின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் நீச்சல் குளத்து ஓரத்தில் விழுந்தான். முதலாளி போனில் ஓட்டல் பேரையும் விழுந்த மாடியையும் மட்டும் சொன்னான். பிணவண்டி நேராகத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தது. அவன் விழுந்த இடத்தை வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

கோயில் பூசாரி சொல்லியிருந்தார். "அடிபட்டுப் போனவன் விழுந்த எடத்துலயே நிப்பான். வருசம் திரும்பறதுக்குள்ள போயி, பாலு ஊத்தி, பேரு சொல்லிக் கூப்புட்டு, எலுமிச்சம்பழத்துல எறக்கி அழைச்சுட்டு வந்துரணும். அப்புறம் கூப்புட்டா வரமாட்டான்."

மனைவியின் பேர் பஞ்சாலை. அவளுக்கு அன்றிலிருந்து அதே பேச்சு. ஆனால் அந்த மூன்றாவது மாடிக்கு அறை எடுத்தவர்களை மட்டும்தான் விடுவார்களாம். வருஷம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது மாயாண்டி லுக்குட்டில் ராதாவின் கடைக்குப் போனார். ராதா போட்டோஸ்டாட் எடுப்பாள், விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவாள், கணினியில் டிக்கெட் போடுவாள்.

"ரெண்டு பேருக்கு ரூமா? பெரிய ஆளுலா மண்டோர் நீங்க. இந்த வயசுல ஹனிமூனா?"

அவர் விஷயத்தைச் சொன்னார். ராதா கணினியில் ஓட்டல் பேரைத் தட்டினாள்.

"அந்தப் பேர்ல கே.எல்.ல ரெண்டு ஓட்டல் இருக்குங்க. ஒண்ணு புடுல, ஒண்ணு செந்தூல்ல. எது?"

"ரெண்டுலயும் மூணாவது மாடியில கொளம் இருக்கா?"

"ஒரே கம்பெனிதானே, ரெண்டுலயும் இருக்கு. தம்பியோட முதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமே?"

புடு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. செந்தூலில் நம்மாட்கள் உண்டு, கொமூட்டர் ரயில் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"செந்தூல்" என்றார்.

"நல்லாத் தெரியுமா?"

"எம்மகன் வேல செஞ்ச எடம் எனக்குத் தெரியாதாம்மா?"

ராதா அழுத்தினாள். முடிந்தது.

செந்தூல் ஓட்டலில் அறை சுத்தமாக இருந்தது. பஞ்சாலை கட்டில் விரிப்பைக் கலைக்கவில்லை, கீழே படுத்தாள். விடிந்ததும் பால் பாட்டிலையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் மூன்றாவது மாடிக்கு இறங்கினார்கள். குளத்தில் ஆள் இல்லை. பஞ்சாலை ஓரமாக ஒரு சுற்று நடந்தாள். சாய்வு நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரோரம் நின்றாள்.

"இங்கதான். காலு கூசுது" என்றாள்.

பாலை ஊற்றிப் பழத்தை வைத்தாள். மூன்று முறை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். விளையாடப் போன பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல் அது. பழத்தை எடுத்து வெள்ளைத் துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டு வாசல் மிதிக்கும்வரை பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. நேராக லிப்டை நோக்கி நடந்தாள்.

மாயாண்டி காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் சந்திரன் துடைப்பத்தோடு வந்தான்.

"என்னங்கய்யா இது, பாலா?"

"கோவிச்சுக்காதப்பா. எம்மகன் இங்கதான் விழுந்தான். சாயம் அடிக்கிறப்ப. வர்ற வெள்ளிக்கெழமையோட ஒரு வருசம்."

சந்திரன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

"அய்யா, இந்தக் கட்டடம் தொறந்தே எட்டு மாசந்தான். கட்டுறப்பவே நான் இங்கதான் வேல செஞ்சேன், யாரும் விழல. அது புடு. அங்கதான் நம்ம பையன் ஒருத்தன் கயிறு அறுந்து..."

மாயாண்டி லிப்டைப் பார்த்தார். பஞ்சாலை முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கை மடியை ஏந்தியிருந்தது. லிப்டின் கண்ணாடிக் கதவில் அவள் முகம் தெரிந்தது. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த முகம் திறந்திருந்தது.

"புடு எவ்வளவு தூரம்?"

"கார்ல இருவது நிமிசம். ஆனா ரூம் எடுக்காம மேல விடமாட்டாங்க."

இன்னொரு அறைக்கு அவரிடம் வழியில்லை. வழியிருந்தாலும் அவளிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போவது?

"அவங்ககிட்ட நான் சொல்லட்டுங்களா?" என்றான் சந்திரன்.

"வேணாம். தொடச்சுரு" என்றார்.

செந்தூலில் கொமூட்டர் காலியாக வந்தது. மகனுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் எடுக்கும்படி பஞ்சாலை முன்பே சொல்லிவைத்திருந்தாள். எடுத்திருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் துணிமுடிப்பை வைத்தாள். எதிரே அவர். சென்ட்ரலில் கூட்டம் ஏறியது. வயிற்றுப் பிள்ளைக்காரியான ஒரு மலாய்க்காரப் பெண் வந்து அந்த இடத்தைக் காட்டி, ஆள் இருக்கிறதா என்று மலாயில் கேட்டாள்.

பஞ்சாலை பேச முடியாது. மாயாண்டியைப் பார்த்தாள்.

வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள். மண்டோர் ஆன நாளிலிருந்து இத்தனை நேரம் யாரும் அவர் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

"இருக்கு. எம் பையன்" என்றார் மலாயில்.

அவள் பெட்டியின் இரு பக்கமும் பார்த்தாள். "எங்கே?"

மாயாண்டி எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தார். கதவருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்கள் இறங்க வேண்டிய சிரம்பான்வரை நின்றே வந்தார்.