நாற்பது வண்டி வண்டல்

எங்கள் கிணற்றைக் கெடுத்தது நான்தான். ஊரே தோல் பதனிடும் ஷாப்பைத் திட்டியது. நானும் கூடச் சேர்ந்து வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஆனால் தோல் ஷாப்புத் தண்ணீர் எங்கள் தோட்டத்துப் பக்கம் தானாக வரவில்லை. அது விழும் குளம் ஒரு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இருந்தது. வண்டி கட்டிப் போய் அதை அழைத்து வந்தவள் நான்.

ஐம்பதுகளின் நடுவில் நிலக்கோட்டைப் பக்கமிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். டவுனை ஒட்டி ஒரு ஏக்கர் தோட்டம், மாடு பூட்டிக் கமலை இறைக்கும் கிணறு. அதில் கத்தரியும் சோளமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து மல்லிகைப் பதியன்களை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். "பூ வரலைன்னா என்னையக் கேளுங்க" என்று வீட்டுக்காரரிடம் சவால் வேறு விட்டேன்.

சித்திரையில் குளம் வற்றியதும் வண்டல் அள்ளித் தோட்டத்தில் கொட்டுவது எங்கும் உள்ள வழக்கம். கறுத்த வண்டல் என்றால் என் பிறந்த ஊரில் அடிதடியே நடக்கும். இங்கே என்னடாவென்றால், ஓடை வந்து விழும் மூலையில் மை போலக் கறுத்துக் கிடந்த மண்ணை விட்டுவிட்டு, எல்லாரும் நடுக் குளத்தில் வெளுத்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு மண் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

"அது தோல் ஷாப்புத் தண்ணி விழுற எடம். நாத்தம் வருது பாரு" என்றார் வீட்டுக்காரர்.

"எருன்னா நாறத்தான் செய்யும். வண்டியத் திருப்புங்க."

அவர் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. நாற்பது வண்டி அடித்தோம். மண்ணில் ஆட்டு மயிரும் சுண்ணாம்புக் கட்டியும் கிடந்தன. அதையும் சத்து என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் செடி கொழுத்துப் போய் நின்றது. கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் என் கைராசியைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் வருஷம் கோடையில் இலையோரம் கருகியது. மொட்டு சிவந்து உதிர்ந்தது. தண்ணீர் பாய்ச்சிக் காய்ந்த பாத்தி ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்தது. மண் ஓடு மாதிரி இறுகி, கொத்தினால் மண்வெட்டி துள்ளியது. அதற்கப்புறம் ஒரு நாள் அடுப்பில் பருப்பு வேகவில்லை. விறகைக் குறை சொன்னேன், பருப்பைக் குறை சொன்னேன். கடைசியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் கரித்தது.

என்ன நடந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. தோலில் இருந்த உப்பு, சுண்ணாம்பு, ஆவாரம்பட்டைச் சாறு என்று ஓடை கொண்டுவந்த எல்லாவற்றையும் அந்தக் களிமண் பல வருஷமாகப் பிடித்து வைத்திருந்தது. மேலே தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச அது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தது. சுண்ணாம்பும் பட்டைச் சாறும் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தன. உப்புக்கு அந்தப் பிடிப்பு இல்லை. தண்ணீர் போகும் வழியில் கீழே இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது. திரும்ப அள்ளிப் போடவும் வழியில்லை; நாற்பது வண்டியையும் உழுது கலந்துவிட்டோம்.

சரிவில் எங்களுக்குக் கீழே அடுத்த தோட்டக்காரி என்னைவிட நாலைந்து வயது இளையவள். குடிக்கவும் சமைக்கவும் அவள் கிணற்றில்தான் எடுத்தேன். அப்படி மூன்று வருஷம். ஒரு நாள்கூட அவள் முகம் சுளிக்கவில்லை.

தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் சோளத்தட்டை வாங்க வருவார். பாத்தி ஓரத்து வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புத்தான். தோலு எங்ககிட்ட வந்தா நாலு தண்ணி விட்டு அலசிருவோம். மண்ண எப்புடி அலசுறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டதற்கு நான் பதில் கண்டுபிடித்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வரப்பையெல்லாம் முழங்கால் உயரம் தூக்கினோம். மழைத் தண்ணீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் தேக்கி, அப்படியே உள்ளே இறங்க விட்டோம். அடுத்த ஐப்பசியிலும் அதையே செய்தோம்.

முதலில் கிணறு இன்னும் மோசமானது. பிறகு தெளிந்தது. எங்கள் தண்ணீரில் மறுபடி பருப்பு வெந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நாலு வருஷ அவமானம் அதோடு போயிற்று என்று நினைத்தேன். அலசின உப்பு எங்கே போகும் என்று ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை. தோல் ஷாப்புக்காரர்களும் அலசின தண்ணீரை ஓடையில் விட்டதோடு மறந்துவிட்டார்கள் என்றுதான் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அடுத்த தோட்டக்காரி குடத்தோடு வந்தாள்.

"யக்கா, ஒங்க கெணத்துல ஒரு குடம் எடுத்துக்கிறேன். எங்க தண்ணி ஒரு மாசமாக் கரிக்குது. பருப்பு வேக மாட்டேங்குது."

கயிற்றை வாங்கி நானே இறைத்தேன்.

"ஒங்களுக்கும் இப்புடித்தான இருந்துச்சு? எப்புடிச் சரி பண்ணுனீக? சொல்லுங்க, நாங்களும் அதையே செய்யுறோம்."

ஓடை மூலையில் ஆரம்பித்து வரப்புத் தூக்கியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். வசவுக்குத் தயாராக நின்றேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்தாள்.

"எங்களுக்குக் கீழ பள்ளிக்கூடத்துக் கெணறுல்லக்கா இருக்கு" என்றாள்.

அவர்கள் வரப்பைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவள் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாள். கயிற்றை மட்டும் நான் ஒரு நாளும் அவள் கையில் கொடுக்கவில்லை. நானே இறைத்து ஊற்றினேன்.