ஆனைக்கொய்யா மரத்தடிக் குழி

மழை விட்ட காலைகளில் ஈர மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு புளித்த நாற்றம் எழும். தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிட்ட சணல் சாக்கின் நாற்றம் போன்றது. இன்றும் அது எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. வேர் அழுகினால் அப்படித்தான் நாறும் என்பதை எட்டு வயதில், உலக யுத்தம் திருகோணமலைக்கு வந்த வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. அப்பா கடற்படைக் களஞ்சியமொன்றில் கணக்கெழுதுகிற "கிளாக்கர்". கப்பல் சமையற்காரன் ஒருவன் கொடுத்த ஆனைக்கொய்யா, இங்கிலீசில் அவகாடோ என்கிற பழத்தின் விதையை அவர் ஒரு தகரப் பால்ரின்னில் முளைக்க வைத்து, நான் பிறந்த வருடம் குசினி அடுப்படிக்குப் பின்னால் நட்டாராம். "மலைநாட்டு மரம் இந்த வெக்கையில பிடிக்குமே, கிளாக்கர்?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பகிடி பண்ணுவார்களாம். "கப்பலில வந்தது துறைமுகத்தில தங்காதோ?" என்பது அப்பாவின் பதில். மரமும் நானும் சேர்ந்து வளர்ந்தோம். என்னைவிட அதுதான் கெதியாக வளர்ந்தது.

வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது, அப்பா அந்த மரத்தடியையே தெரிந்தெடுத்தார். "மேலயிருந்து பாக்கிறவனுக்கு இலைதான் தெரியும், குழி தெரியாது" என்று அம்மாவுக்கு விளக்கினார். குறுக்கே வந்த வேர்களைக் கோடரியால் தறித்தார். வெட்டிய மண்ணை அரிசிச் சாக்குகளில் நிரப்பி, கோணி ஊசியால் வாயை நெருக்கித் தைத்து, யன்னல்களை மறைத்து அடுக்கினார். குழிதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது. மரத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்தக் காலை வந்தது. வானம் இரைய இரைய அம்மா என்னைக் குழிக்குள் தள்ளி என்மேல் கவிழ்ந்துகொண்டாள். ஒவ்வொரு அதிர்வுக்கும் சுவர் மண் எங்கள் தலைமயிரில் உதிர்ந்தது. தறித்த வேர்களின் வெள்ளை நுனிகள் என் முகத்துக்கு நேரே நின்றன; நான் அவற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். துறைமுகப் பக்கத்தில் கரும்புகை நாள் முழுக்க நின்றது. பொழுது சாயும் நேரம் அப்பா நடந்து வந்தார். அவர் போட்டிருந்தது அவருடைய சட்டை அல்ல. எதிரே ஓடிய அம்மாவைத் தாண்டி, என்னையும் தாண்டி, நேரே குழிக்குள் இறங்கி இருந்துவிட்டார். துறைமுகத்தில் என்ன கண்டார் என்பதைச் சாகும்வரை அவர் சொல்லவில்லை.

அதன்பின் அவர் மேலே நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் மட்டும், இருட்டின பிறகு ஏறி வருவார். ஒரு லொறி இரைந்தாலும் இறங்கிவிடுவார். சனமெல்லாம் ஊரை விட்டுப் போக, தெரு வெறுமையாயிற்று. அம்மாவின் தம்பி, என் மாமா, நிலாவெளியிலிருந்து மாட்டுவண்டியோடு வந்து, குழி விளிம்பில் குந்தியிருந்து கெஞ்சினார்.

"அத்தான், வராத பிளேனுக்கு ஏன் உதுக்குள்ள இருக்கிறியள்? வெளிக்கிடுங்கோ. அங்க காத்தாவது வரும்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. "மரம் என்ன மாதிரி நிக்குது?" என்று அம்மாவிடம் கேட்டார். அந்த மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி அதுதான்.

"நல்லா நிக்குது" என்றாள் அம்மா.

"அக்கா, பிள்ளையையாவது தாங்கோ."

"ஒருத்தரை விட்டிட்டு ஒருத்தர் போக ஏலாது, தம்பி."

மாமாவின் வண்டி எங்கள் ஆட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

மரம் நல்லாக நிற்கவில்லை. கோடையில் இலைகள் ஓரம் கருகித் தொங்கின. வேர் அறுந்த மரத்துக்குத் தாகம் என்று நினைத்த அம்மா, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள்; அரிசி கழுவிய தண்ணீரையும் வீணாக்கவில்லை. அந்தத் தண்ணீரெல்லாம் குழிக்குள் கசிந்து தேங்கியது. மாரி பிறந்ததும் கேட்கவே வேண்டியதில்லை. இலை கொட்டக் கொட்ட அவள் இன்னும் ஊற்றினாள். மரம் செத்துப்போனால் அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் அவளுக்கு. அந்தக் கேள்வியும் நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கு.

ஒரு காலை, கணுக்கால் தண்ணீரில் இருந்த அப்பா, சாய்ந்து எழுவதற்காகச் சுவரிலிருந்த வேரொன்றைப் பிடித்தார். வேரின் தோல் உரிந்து அவர் கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தார். மேலே அம்மா வாளியைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்தாதையும்!" என்று கத்தினார். "உது தாகமில்லை. மரம் தண்ணிக்குள்ள தாழுது."

அம்மா வாளியைப் போட்டுவிட்டாள்.

"நல்லா நிக்குதெண்டு பொய் சொன்னீர்."

"மேல வந்து பாத்திருக்கலாமே" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அப்பா மேலே வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நாங்கள் மூன்று பேரும் குழித் தண்ணீரை இறைத்து, வேலிப் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டினோம். கறுத்த வேர்களை வெள்ளைக் கட்டை தெரியும்வரை அவர் சீவி, அடுப்புச் சாம்பல் அப்பினார். மிஞ்சிய வேர் தாங்கும் அளவுக்குக் கொப்புகளைக் குறைத்து, வெயில் சுடாமல் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசினார். இனிக் குழியை மூட வேண்டும். வேருக்கு மண் வேண்டும். கடற்கரை மண் உப்பு. அந்த மரத்தின் மண் முழுவதும் யன்னல்களில் மூட்டையாக இருந்தது.

மூட்டைகளுக்கு முன்னால் அப்பா நின்று திரும்பிப் போனதை நான் பல நாள் கண்டேன். கடைசியில் ஒருநாள் மீன்வெட்டும் கத்தியோடு இருந்து தையலை அறுக்கத் தொடங்கினார். அவரே நெருக்கித் தைத்த தையல். கை நடுங்கியதால் ஒரு மூட்டை அவிழ்ப்பதற்கே காலை முழுவதும் போயிற்று. மூட்டை குறையக் குறைய வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்கு நான் பயந்தேன்.

குழி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. அப்பா ஓடிப்போய் இறங்கினார். முழங்கால் அளவு பள்ளம்தான் மிச்சம். மடங்கிப் பார்த்தார், சரிந்து பார்த்தார். தலையும் முதுகும் வெளியே நின்றன. நான் குசினி வாசலில் நின்று அவர் கண்களைப் பார்த்தேன். போட்ட மண்ணைத் திரும்பக் கைகளால் தோண்டி எறிவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து, மரத்தை ஒருதரம் பிடித்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அம்மா இருந்த மேசைக்குக் கீழே எங்களோடு நெருக்கிக்கொண்டு இருந்தார். அவர் உடம்போடு மேசைக்கால்களும் சேர்ந்து நடுங்கின. பிளேன் ஒன்றும் வரவில்லை. சங்கு ஓய்ந்த பிறகும் நாங்கள் வெளியே வர அவசரப்படவில்லை.

மரம் ஒரு பக்கம் மட்டும் துளிர்த்தது. குழிப் பக்கம் மொட்டையாகவே நின்றது. யுத்தம் முடியும் தறுவாயில் இரண்டு காய் காய்த்தது. அப்பா சீனி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "சவுக்காரம் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நானும் அம்மாவும் மற்றதையும் சப்பி விழுங்கினோம்.

அந்த மரத்தைப் பிறகொரு புயல் சாய்த்தது. வீடும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. நான் இப்போது அன்புவழிபுரத்தில் இருக்கிறேன், வளர்ந்த மகனோடும், தலைக்கு மேலே சுற்றுகிற ஹெலிகொப்டரோடும். இது வேறு யுத்தம். அயலில் எல்லாரும் பதுங்குகுழி வெட்டுகிறார்கள்; இப்போது அதற்குப் பெயர் "பங்கர்". போன கிழமை மகன் மண்வெட்டியோடு மாமரத்தடிக்குப் போனான்.

"இதிலயே வெட்டுவம், அம்மா. மேலயிருந்து பாத்தாத் தெரியாது."

நான் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். மரத்தின் வேர் ஓடாத தூரத்தில் இடம் காட்டினேன். தோண்டிய மண்ணில் ஒரு பிடியும் வெளியே போக விடாமல் சாக்குகளில் நிரப்பினோம். மகன் கோணி ஊசியை எடுத்தான். வேண்டாம் என்றுவிட்டு, எல்லா மூட்டைகளின் வாயையும் நானே கட்டினேன், நடுங்குகிற கையால் இழுத்தாலும் அவிழக்கூடிய முடிச்சாக.