துணைக்கு ஒரு ஆந்தை

கண்ணாடி போட்டால் மூஞ்சி ஆந்தை மாதிரி ஆகிவிடும் என்று எதிர்க்கடைத் தையல்காரம்மா கண்ணைக் கசக்கினார். போடாவிட்டால் ஊசியில் நூல் கோக்க முடியாது; பிழைப்பே போய்விடும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவருக்குக் கொடுத்தது மாதிரியே பச்சை வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் தானும் மாட்டிக்கொண்டார்.

"இப்ப துணைக்கு ஒரு ஆந்தை இருக்கு. போட்டுக்கம்மா. கடவுள் ரெண்டு பக்கமும் காது வெச்சதே இதுக்குத்தானே?"

எதிரே அந்த அம்மா கழற்றிவிடக் கூடாதே என்று, கடைக்காரரும் அன்று முழுக்கக் கழற்றவில்லை.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அவரிடமே, "அண்ணே, எங்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டார்.

"அடியே, நான்தான்!"

"குரல் மட்டும் அவரோடது மாதிரியே இருக்கு" என்று முணுமுணுத்தபடி மனைவி சாப்பாட்டோடு திரும்பி நடந்தார். கடைக்காரர் பின்னாலேயே ஓடினார், கண்ணாடியை மட்டும் கழற்றாமல். எதிர்க்கடையில் தையல்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்தபடியே நூலைக் கோத்தார். முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது.

பல வருஷம் கழித்து, கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய் இருக்கக் கிளம்பினார். வழியனுப்ப வந்த தையல்காரம்மா கண்ணீரைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைக்காரர் பதறிப்போனார். "ஐயோ, மாட்டிக்கம்மா! இது யாரோ மாதிரி இருக்கு. நான் தையல்காரம்மாகிட்ட சொல்லிட்டுல்ல போகணும்!"