மூன்று குவியல் விரிப்பும் கனிஷாயின் ஆங்கிலமும்

கிர்கிஸ் நாட்டுக் கோச்கோர் ஊரில் விடுதித் துணி துவைக்கிற பெண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். துவைத்துக்கொண்டே ஆங்கிலம் பேசுகிறவள் கனிஷாய் ஒருத்திதான். நாற்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள், ஆள் கொஞ்சம் கனம், வாய் அதைவிடப் பெரிசு. பாடப்புத்தகத்திலிருந்து வினைச்சொல் பக்கத்தைக் கிழித்து இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அவளைச் சுற்றி எந்நேரமும் மூன்று குவியல் விரிப்பு கிடக்கும். மடித்து வைத்ததைத் தட்டி, "ஐ வாஷ்ட்" என்பாள். சுற்றுகிற இயந்திரத்தைத் தட்டி, "ஐ ஆம் வாஷிங்" என்பாள். அழுக்கு மூட்டைக்கு ஓர் உதை விட்டு, "ஐ வில் வாஷ்!" என்பாள்.

"உதைக்கிறதுக்கும் இங்கிலீஷ் இருக்கா, எஜெ?" என்று விடுதிச் சமையல்காரி தமாரா அக்கா முறை வைத்துச் சீண்டுவாள்.

"இருக்கு. கிட்ட வா, மூணு காலத்துலயும் காட்டுறேன்."

ஒழுங்காக மாறுகிற சொற்கள் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம். "வாலுல ஒரு ஒட்டு வச்சா நேத்திக்குப் போயிடும். முன்னாடி ஒரு வில் வச்சா நாளைக்கு வந்துடும். சொன்ன பேச்சைக் கேக்குற சொல்லுடி இது. ஆளுக்கொரு மூஞ்சி காட்டுற சொல்லும் இருக்கு, என் கொழுந்தன் மாதிரி. அதுங்ககிட்ட நான் பேச்சே வச்சுக்கிறதில்ல."

இத்தனை பாடும் எதற்கு? வழிகாட்டி அட்டைக்காக. சோன்கோல் ஏரிப் புல்வெளியில் பிறந்தவள் அவள். எந்தக் கணவாயில் எப்போது பனி உருகும், எந்தக் குதிரை ஆற்றைக் கண்டால் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பதினொரு கோடையாக ஊரே மேய்ச்சலுக்கு மேலே ஏற, இவள் மட்டும் விடுதியின் நிலவறையில் சோப்புத் தண்ணீரில் நின்றாள். அட்டை இருந்தால் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அவளும் மேலே போகலாம். அதற்கு வழிகாட்டிகள் சங்கத்தின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. முதல் தடவை எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே சொல்லி, செத்துப்போன மாமியாரை உயிரோடு அடுப்படியில் உட்காரவைத்துவிட்டாள். இரண்டாம் தடவை பயத்தில் நாக்கே புரளவில்லை. மூன்றாவதும் போனால் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

தேர்வு நாளன்று மாமனார் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். எழுபத்தெட்டு வயது.

"நீங்க எதுக்கு, ஆதா? இங்கிலீஷ்ல கேப்பாங்க." அப்பா, தாத்தா வயசுக்காரர் எல்லாரும் அங்கே ஆதாதான்.

"நீ தோத்துட்டு அழுதா, கூட அழ ஒரு ஆள் வேணாமா? ஏறு வண்டியில."

அறைக்குள் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்பது சட்டம். கேள்வி கேட்டவள் எல்நூரா, பிஷ்கெக்கிலிருந்து வந்த முப்பது வயதுக்காரி. நேற்று என்ன செய்தாய், நாளை என்ன செய்வாய் என்று கேட்டாள். கனிஷாய் பொரிந்து தள்ளினாள். துவைத்தாள், சமைத்தாள், நடந்தாள், நாளைக்கும் நடப்பாள். ஒரு வால்கூட விட்டுப்போகவில்லை. எல்நூராவின் பேனா குறி போட்டுக்கொண்டே போனது. கனிஷாய்க்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது.

"உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"கணவர், பிள்ளைகள், கணவரின் அப்பா."

"அவர் பெயர் என்ன?"

போச்சு! மருமகளாய் வந்தவள் மாமனார் பேரை வாயால் சொல்வதாவது! பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பேர்தான். அவரைக்கூட அவள் நீலக்கதவுக்காரர் என்றுதான் சொல்வாள்.

எல்நூரா கேள்வியை நிறுத்தி நிறுத்தி, காது கேளாதவளிடம் கேட்பதுபோல் மறுபடி கேட்டாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தாளில் ஒரு கோடு இழுத்தாள். முதல் பாடத்துக் கேள்விக்கே பதில் தெரியாதவளுக்கு அட்டை ஒரு கேடா! கனிஷாய் ஏதோ ஒரு பேரை அடித்துவிட்டிருக்கலாம்தான். ஆனால் மனுஷர் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவரை வேறு யாரோ ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தாள். "கேள்வி எனக்குப் புரிஞ்சுது. இருபது வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். அன்னையிலேருந்து இதுவரைக்கும் அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இன்னைக்கும் கூப்பிடலை. இனிமேலும் கூப்பிட மாட்டேன். ஆனா அவர் தினமும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தலைப்பிரசவத்துல நான் கிடந்தப்போ, நான் பதில் சொல்ற வரைக்கும் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழ நின்னு கூப்பிட்டார். இப்பவும் வெளியில உக்காந்திருக்கார். முடிஞ்சதும் கூப்பிடுவார்."

எல்நூராவின் பேனா நின்றுவிட்டது. அறையின் சட்டத்தைத் தானே மறந்து கிர்கிஸ் மொழிக்குத் தாவினாள். "எஜெ, எங்கம்மாவும் எங்கப்பாவோட அப்பாவை 'அந்தப் பெரியவர்'னுதான் சொல்லுவாங்க. ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டைன்னே இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் ஒரு மடச்சி!" இழுத்த கோட்டை அடித்துவிட்டு எழுந்தாள். "ஆனா படிவத்துல குடும்பத்துப் பெரியவர் பேர் வேணுமே. இருங்க."

கதவைத் திறந்தாள். "ஆதா, உங்க பேர் என்ன?"

கிழவர் கல்யாணப் பந்தியில் வாழ்த்துச் சொல்பவர்போல் நிமிர்ந்து நின்றார். "துர்குனலி! சோரோன்குல் மகன்! அவர் அப்பா கிதிர்பாய்! அவரோட அப்பா..."

"ஒரு பேர் போதும், ஆதா."

"ஏழு தலைமுறை சொல்லத் தெரியாதவன் கிர்கிஸா? எழுதும்மா!"

எழுதினாள். படிவத்தில் பேர் எழுத இருந்ததோ ஒரே ஒரு வரி. மிச்சப் பேர்கள் ஓரத்தில் ஏறி, மேலே சுற்றி, சங்கத்தின் முத்திரை மேலேயும் உட்கார்ந்தன. அதில் ஒரு பேரைக்கூட வாயால் சொல்லக் கூடாத கனிஷாய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏழும் ஆச்சா? அப்ப என் மருமக?"

"பாஸ், ஆதா."

"கனிஷாய்!" என்றார் கிழவர். அவள் கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள். அவர் போட்ட சத்தமோ சந்தை வரைக்கும் கேட்டது.