ராயபுரத்துக் கத்தி மாமா

கத்தி மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது.

என் அக்கா கஸ்தூரியின் வீட்டுக்காரர். அவர் போட்டோவைப் போட்டு "லெஜண்ட்", "இவர் மாதிரி கலெக்டர் இனி வரமாட்டார்" என்று எழுதுகிற கத்தி நண்பர்கள் சிலர் என் ஃபேஸ்புக் லிஸ்டிலும் இருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். என் பங்குக்கு நானும் எழுதுகிறேன்.

சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஜப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, கையால் அடித்த சமையல் கத்தி ஒன்றை வாங்கினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ராயபுரத்தில் கரை வேலைக்கு வந்த பிறகும், போகிற வருகிற கப்பல்காரர்களிடம் எல்லாம் சொல்லிவைத்து வரவழைப்பார்.

மீனுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, முள்ளங்கி சீவ ஒன்று. அலகில் கொல்லன் பேர் வெட்டியிருக்கும். எருமைக்கொம்பு வைத்த மரப்பிடி, மர உறை... அழகுதான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் எவர்சில்வர் இல்லை அது. ஈரம் பட்டால் துரு பிடித்துவிடும். அதனால் வாராவாரம் எண்ணெய் பூச வேண்டும். அந்த எண்ணெயும் ஜப்பானிலிருந்துதான் வரும். பூசுவது அக்கா வேலை.

ஒரு தடவை விரலில் மீந்ததைத் தலையில் தடவிக்கொண்டாள். பார்த்துவிட்டார்.

"உன் மண்டைக்கு இன்னாத்துக்குடி அது? தேங்கா எண்ணெ கீதுல்ல?"

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை கூடும். ஒரு டாக்டர், ஒரு ஓட்டல் செஃப், ரிட்டயர்டு இன்ஜினியர்கள் இரண்டு பேர். தக்காளியை மெல்லிசாகச் சீவி நியூஸ்பேப்பர் மேல் வைத்து அதன் வழியாக எழுத்துப் படிப்பார்கள். கூர் பார்க்க முன்கை முடியைச் சிரைப்பார்கள். மாமாவின் இடது கையில் முடி முளைத்து நான் பார்த்ததே இல்லை.

அக்கா உள்ளே அவர்களுக்காக அருவாமனையில் வஞ்சிரம் அரிந்துகொண்டிருப்பாள். அந்தக் கத்திகளால் ஒரு வெங்காயம்கூட அவளை வெட்டவிட்டதில்லை.

"எங்க வூட்டம்மாக்கு அருவாமனையே ஜாஸ்தி டாக்டர்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டாக்டர் கொஞ்சம் கூடவே சிரிப்பார்.

அப்புறம், தீபா விஷயம். அக்காவுக்கு ஒரே பெண். 2001, 2002 வாக்கில் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை.

பச்சைப் பிள்ளை தலைமாட்டில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். காத்து கறுப்பு அண்டாது என்று. அருவாமனையை வைக்கலாம் என்றால் ஒரே மீன் கவுச்சி. அக்கா மாமாவின் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, பழைய புடவைத் துணியில் சுற்றி, பாய்க்கு அடியில் வைத்துவிட்டாள். உறையோடு வைத்தால் இரும்பு வேலை செய்யாது என்று உறையையும் கழற்றிவிட்டாள்... அவள் புத்தி அவ்வளவுதான்.

குழந்தை மூத்திரம் போகாமல் இருக்குமா?

தொட்டில் போடுகிற நாள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். கத்தி நண்பர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட மாமா பெட்டியைத் திறந்தார். ஒன்று குறைந்தது. வீட்டையே புரட்டிப்போட்டார். கடைசியில் பாய்க்கடியில் கிடைத்தது, அலகு பூரா காவி நிறத் துருவோடு.

"நீங்கதானே ஒசந்த இரும்புன்னு சொன்னீங்க... பேரனுக்கு ஒசந்ததா வெக்கலாமேன்னு..." என்றாள் அக்கா.

அவர் அக்காவைப் பார்க்கக்கூட இல்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த தீபாவிடம் போய் நின்றார்.

"இத்த அடிச்ச ஆளு செத்துட்டான்டி. இன்னொரு கத்தி வராது. புள்ளன்னா இன்னொண்ணு பெத்துக்கலாம்."

டாக்டர் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா பேச்சு இது" என்றேன்.

"நீ உன் வூட்டப் பாரு" என்றார்.

துரு எடுக்கிற ரப்பரையும் கத்தியையும் அக்கா முன்னால் வைத்து, "தேய். கறை போறவரைக்கும் எந்திரிக்காதே" என்றார். அத்தனை பேர் நடுவில் அக்கா உட்கார்ந்து தேய்த்தாள்.

தீபா துணிமணியைக் கட்டினாள். வாசலில் ஆட்டோ வந்தது. "அம்மா, எங்கூட வரியா?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போறதுன்னா போ. திரும்பி வந்தா கதவு உள்ள தாப்பா போட்டுருக்கும்" என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"சரிம்மா. நீ தேச்சிகினே இரு" என்று சொல்லிவிட்டு தீபா போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் அக்காவிடம் பேசவே இல்லை. அப்பன் மேல் இருந்ததைவிட ஆத்தாள் மேல்தான் கோபம். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூர் மாற்றலானது. அக்கா என் வீட்டுக்கு வந்து போன் போடுவாள். குரல் கேட்டதும் கட் ஆகிவிடும். ஒரு வார்த்தை பேரன் பேசிக் கேட்கணும் என்பாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது... இத்தனை வருஷமும்.

முந்தாநாள் சேதி சொன்னேன். தீபா "சரி சித்தி" என்று வைத்துவிட்டாள்.

நேற்று வந்தாள். தெருமுனையோடு சரி, காரைவிட்டு இறங்கவில்லை. மாலையைக் கொடுத்துப் பையனை மட்டும் அனுப்பினாள்.

அதே நேரத்தில் இன்ஜினியர் ஒருத்தர் என் காதருகே வந்து, "மழைக்காலம்மா... அந்தப் பெட்டிக்கு எண்ணெய் போட்டாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்திருந்தால் சாவு வீடு நாறியிருக்கும்.

பையன் நல்ல உயரம். மீசை முளைத்திருக்கிறது. தீபாவின் கண். மாமாவின் தலைமாட்டில் பெண்களோடு பெண்ணாக அக்கா உட்கார்ந்திருந்தாள். குனிந்து அவளிடம் சொன்னான்:

"ஆன்ட்டி, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? மாலை போடணும்."

அக்கா நகர்ந்தாள்.

"பாட்டிடா அது" என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாலை போட்டான், ஒரு நிமிஷம் நின்றான், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"மரியாதையா பேசறான் இல்ல? நல்லா வளத்துகீறா" என்றாள் அக்கா.

மாமா, போங்க. போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்.